ஒலி எங்கே நின்றது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அங்கிருந்து நகரவில்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், மலைமேல் முருகன் கோயில் கொண்ட மயிலத்தில், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அதற்கடுத்த இரவும் நிம்மதியில்லை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் விடியும்போது வெள்ளத்தில் நின்றன. எச்சரிக்கை போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் குறை கூறின. படிப்படியாக ஐந்து முறை எச்சரித்த பிறகே திறந்தோம் என்று அரசு விளக்கம் அளித்தது.

அந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல இங்கே வரவில்லை. அதன் அடியில் கிடக்கும் ஓர் அறிவியல் கேள்விதான் இந்த அத்தியாயத்தின் பொருள். எச்சரிக்கையை அனுப்புவது ஒரு நிகழ்ச்சி. அது ஒருவர் காதில் விழுவது வேறொரு நிகழ்ச்சி. அதிகாலை மூன்று மணிக்குத் திரையில் ஓசையில்லாமல் வந்து உட்காரும் எழுத்தை யாரும் படிக்கப் போவதில்லை. தூங்குகிறவருக்கு எச்சரிக்கை என்றால் அது ஒலிதான். அந்த ஒலி இன்று பெரும்பாலும் கைபேசிச் செயலி ஒன்றிலிருந்து வரவேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 வடகிழக்குப் பருவமழைக்கு முன் டிஎன் அலர்ட் செயலியை வெளியிட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் இருக்கிறது. மின்னலுக்கு முன்பே சொல்ல, புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி இருக்கிறது. களத்தில் மணிலாக் கொட்டையைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குள் படுத்திருக்கும் திண்டிவனத்து விவசாயிக்கு இவை வெறும் வசதிகள் அல்ல.

செய்தி வருகிறது, சத்தம் வரவில்லை. இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கும் ஊரில் இருக்கும் அப்பாவுக்கும் இடையே இப்படி ஒரு பேச்சு எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான்.

"அப்பா, மழை அலர்ட் வந்துச்சா?"

"வந்திருக்குதுப்பா, இப்பதான் பாக்கறேன். சத்தமே வரல."

"வால்யூம் ஏத்தி வெச்சிருக்கியா?"

"ஃபுல்லாதான் இருக்குது. பாட்டு போட்டா வீடே அதிருது."

இந்த நான்கு வரிகளில் பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயங்கள் பாதிக்கு மேல் கிடைத்துவிட்டன. செய்தி திரையில் இருக்கிறது. ஆகவே சேவையகம், இணையம், செல்போன் கோபுரம் எல்லாம் தம் வேலையைச் செய்துவிட்டன. பாட்டு ஒலிக்கிறது. ஆகவே ஸ்பீக்கர் பழுதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒலி நின்றிருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவரமுள்ளவர் ஏரியிலிருந்து வாய்க்கால் நெடுகப் பார்த்துக்கொண்டே வரமாட்டார். நேராக நடு மதகுக்குப் போவார். அங்கே தண்ணீர் ஓடினால் அடைப்பு கீழே, ஓடாவிட்டால் மேலே. ஒரே பார்வையில் பாதி வாய்க்கால் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடும். நிரலாளர்களும் இதே முறையில்தான் தேடுகிறார்கள். எச்சரிக்கையின் நடு மதகு கைபேசியின் திரை. எழுத்து அங்கே தெரிந்ததா, எப்போது தெரிந்தது என்பதே முதலில் கேட்க வேண்டியது.

எழுத்தே வராதிருந்தால் மேல்பாதியைச் சீக்கிரம் பார்த்து முடிக்கலாம். செயலி தானாகச் சேவையகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் தகவல் சேவை வழியாகவும், ஐபோன் என்றால் ஆப்பிளின் சேவை வழியாகவும் செய்தி உள்ளே வருகிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைபேசி மின்கலத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுகிறது. சாதாரண முன்னுரிமையில் அனுப்பிய செய்தி அந்த உறக்கம் கலையும் இடைவேளை வரை காத்துக் கிடக்கும். உயர் முன்னுரிமை என்று குறித்து அனுப்பினால்தான் உடனே எழுப்பும். அனுப்புகிறவர் அந்த ஒரு சொல்லை மறந்தால், இரவு இரண்டு மணிக்கு அனுப்பிய வெள்ள எச்சரிக்கை அந்த இடைவேளை வந்த பிறகோ, கைபேசியை யாராவது கையில் எடுத்த பிறகோதான் தலைகாட்டும். இதற்கு மேல், சில நிறுவனங்களின் கைபேசிகள் சொந்தமாக ஒரு மின்கலக் காவல்காரனை வைத்திருக்கின்றன. சில நாள் திறக்காத செயலியை அது முடக்கிவிடும். பேரிடர்ச் செயலியின் இயல்பே நாள்கணக்கில் திறக்கப்படாமல் கிடப்பதுதான் என்பதால் முதல் பலி அதுவே. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியவருக்கு அதன்பின் எதுவும் வராது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கைபேசி அணைந்திருந்தாலோ கோபுரம் இறந்திருந்தாலோ கூகுளின் சேவை செய்தியைக் கைவிடாமல் வைத்திருக்கும். காலக்கெடு எதுவும் குறிக்காவிட்டால் நான்கு வாரம் வரை வைத்திருக்கும். மின்சாரம் திரும்பிய நான்காம் நாள், வெயில் காயும் மதியத்தில், 'அடுத்த மூன்று மணி நேரத்தில் மிகக் கனமழை' என்று கைபேசி அலறினால் அந்தச் செயலியை அதன்பின் யார் நம்புவார்கள்? எச்சரிக்கைக்கு ஆயுட்காலம் குறித்து அனுப்புவது அனுப்புகிறவரின் கடமை.

இனி கீழ்பாதி. ஒலி பெரும்பாலும் தொலைந்துபோவது இங்கேதான்.

2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வோர் அறிவிப்பும் தன் ஒலியைத் தானே சுமந்து வந்தது. அதற்குப் பின் ஒலி அறிவிப்புக்குச் சொந்தமில்லை, சேனலுக்குச் சொந்தம். 'மழை', 'அணை நீர்', 'பொதுச் செய்தி' என்று செயலி தன் அறிவிப்புகளைச் சேனல்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சேனலுக்கும் என்ன ஒலி, எவ்வளவு முக்கியம், அதிர்வு உண்டா என்பதைச் சேனலை உருவாக்கும் அந்த ஒரு தருணத்தில் சொல்லிவிட வேண்டும். உருவான பிறகு அதன் ஒலியை மாற்றும் உரிமை கைபேசிக்காரருக்கு மட்டுமே. செயலிக்குக் கிடையாது.

நல்ல நோக்கத்தில் செய்த விதி இது. பயனர் அமைதியாக்கி வைத்ததைச் செயலி பின்வாசல் வழியாக வந்து சத்தமாக்கிவிடக் கூடாது என்பதுதான் எண்ணம். ஆனால் நிரலாளர்கள் இதில் மாட்டிக்கொண்டு தவிப்பது இன்றும் நடக்கிறது. முதல் பதிப்பில் ஒலியே இல்லாமல் ஒரு சேனலை உருவாக்கி வெளியிட்டுவிடுகிறார்கள். அடுத்த பதிப்பில் சைரன் கோப்பைச் சேர்த்து, நிரலில் அதைக் குறிப்பிட்டு அனுப்புகிறார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒலியும் வராது. பழைய சேனல் பழைய அமைதியோடு அப்படியே இருக்கும். சேனலை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கிப் பார்த்தாலும் கைபேசி ஏமாறாது. நீக்கிய சேனலின் பழைய அமைப்புகளையே நினைவிலிருந்து மீட்டுக் கொடுக்கும். நிரலாளர் தன் மேசையில் செயலியை முழுவதும் அழித்து மறுபடி நிறுவுவார். அப்போது மட்டும் சைரன் ஒலிக்கும், ஏனென்றால் சேனலும் புதிதாகப் பிறந்திருக்கிறது. 'சரியாகிவிட்டது' என்று முடிவு செய்து வெளியிடுவார். முதல் பதிப்பையே வைத்திருந்து மேம்படுத்திக்கொண்ட அத்தனை வீடுகளிலும் ஊமைச் சேனல் தொடரும். சேனலுக்கு வேறு அடையாளப் பெயர் கொடுத்துப் புதிதாக உருவாக்குவது ஒன்றே இதற்கு மருந்து.

இதோடு இன்னொரு சிக்கலும் பின்னிக் கிடக்கிறது. செயலி திறந்திருக்கும்போது வரும் செய்தியைச் செயலியின் நிரல் கையாளும். மூடியிருக்கும்போது அதே செய்தியைச் செயலியைக் கேட்காமலே கைபேசி திரையில் காட்டிவிடக்கூடும். அனுப்பிய செய்தியில் சேனல் பெயர் குறிக்கப்படாவிட்டால் பொதுவான ஒரு சேனலில் போட்டுவிடும். சைரனுக்குப் பதில் 'டிங்' என்று ஒரு சொட்டு ஒலி. செயலியைத் திறந்து வைத்துக்கொண்டே சோதிக்கிற அலுவலகத்தில் இந்தப் பிழை ஒருபோதும் கண்ணில் படாது.

ஒலிக்கோப்பும் காணாமல் போகக்கூடிய பொருள்தான். செயலியை வெளியிடும்போது அதன் எடையைக் குறைக்க, நிரலில் எங்கும் குறிப்பிடப்படாத கோப்புகளைக் கட்டுமானக் கருவி அகற்றிவிடும். சைரனின் பெயர் சேவையகத்திலிருந்து வரும் செய்தியில் மட்டுமே இருந்தால், இந்தக் கோப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்று கருவி முடிவுகட்டும். சோதனைப் பதிப்பில் முழங்கிய சைரன் கடைக்கு வந்த பதிப்பில் இருக்காது. ஐபோனில் விதி வேறு. அறிவிப்பு ஒலி 30 விநாடிக்குள் இருக்க வேண்டும், குறிப்பிட்ட சில கோப்பு வகைகளில் இருக்க வேண்டும். 40 விநாடிச் சைரனைக் கொடுத்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு வழக்கமான ஒலியையே இசைக்கும். இங்கும் எந்த இடத்திலும் 'பிழை' என்று எழுதி வராது.

இப்போது அப்பாவின் பதிலுக்குத் திரும்புவோம். பாட்டு போட்டால் வீடே அதிர்கிறது, உண்மைதான். ஆனால் கைபேசிக்குள் இருப்பது ஒரே ஒலியளவு அல்ல. பாட்டு, வீடியோவுக்கு ஒன்று. அழைப்பு மணிக்கு ஒன்று. அறிவிப்புக்கு ஒன்று, சில கைபேசிகளில் இது அழைப்பு மணியோடு ஒட்டியிருக்கும். அலாரத்துக்கு ஒன்று. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகளில் ஏறுவது பாட்டின் அளவுதான். அறிவிப்பின் அளவு என்றைக்கோ ஒரு சாவு வீட்டிலோ கோயிலிலோ சைலன்ட்டில் போட்ட நிலையிலேயே கிடக்கும். அமைப்புகளுக்குள் போய் நான்கு கோடுகளையும் தனித்தனியே பார்த்தால்தான் தெரியும். பக்கத்து அறையில் ப்ளூடூத் ஸ்பீக்கர் இணைந்திருந்தால் இன்னொரு வழியும் திறந்துகொள்கிறது. எச்சரிக்கையைப் பாட்டின் தடத்தில் ஒலிக்கும்படி எழுதிய செயலியின் சைரன் அந்த ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வரும். தலைமாட்டில் இருக்கும் கைபேசி ஊமையாக இருக்கும்.

சைலன்ட்டிலும் ஒலிப்பது அலாரத் தடம். அப்படியானால் எல்லா எச்சரிக்கையையும் அலாரத் தடத்தில் விட்டுவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 'இன்று லேசான தூறலுக்கு வாய்ப்பு' என்பதற்கும் அணை திறப்புக்கும் ஒரே சைரன் அலறினால், மூன்றாவது தூறலில் பயனர் அந்தச் சேனலையே அடைத்துவிடுவார். அதை மறுபடி திறக்க எந்த நிரலாலும் முடியாது. அதனால்தான் 2018-இல் ஆப்பிள், சைலன்ட்டை மீறி ஒலிக்கும் 'மிக அவசர' வகையை அறிமுகப்படுத்தியபோது, தன்னிடம் தனி அனுமதி பெற்ற செயலிகளுக்கு மட்டுமே அதைக் கொடுத்தது. அலறும் உரிமையைச் சிக்கனமாகச் செலவழிப்பவரின் அலறலுக்கே மதிப்பு இருக்கும்.

எல்லா மதகும் திறந்து ஒலி ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அது இயற்பியலின் பொறுப்பு. தகரக் கூரையின்மேல் கனமழை அடிக்கும்போது எழும் இரைச்சல் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எல்லா அதிர்வெண்களிலும் பரந்து கிடக்கிறது. நம் காது ஓர் ஒலியைப் பிரித்துக் கேட்க, அந்த ஒலியின் அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள குறுகிய பட்டையில் இருக்கும் இரைச்சலை அது மிஞ்சினால் போதும். முழு இரைச்சலையும் மிஞ்ச வேண்டியதில்லை. ஆகவே சைரனின் ஆற்றலை எந்த அதிர்வெண்ணில் குவிக்கிறோம் என்பது முக்கியமாகிறது. கைபேசியின் ஸ்பீக்கர் விரல்நகம் அளவே. தாழ்ந்த ஒலியைத் தள்ள அதற்கு வலுவில்லை. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அப்படியானால் கீச்சென்று 3,000 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் முடிந்ததா?

முடியவில்லை. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களைத்தான். வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் வயதானவர். பிள்ளைகள் சென்னையிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். புகை எச்சரிக்கைக் கருவிகளை வைத்து வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகள் இதில் பயனுள்ள ஒன்றைக் கண்டன. தூங்குகிறவர்களை, குறிப்பாகச் செவித்திறன் குறைந்தவர்களை எழுப்ப 3,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை மேலானது. சதுர அலை என்றால் தனி ஒலி இல்லை. 520-ஓடு அதன் ஒற்றைப்படை மடங்குகளான 1,560, 2,600 என்று அடுக்கடுக்காக ஒலிகள் சேர்ந்தே வரும். அந்தச் சேர்க்கை கைபேசிக்கும் கைகொடுக்கிறது. சின்ன ஸ்பீக்கர் 520-ஐச் சரியாகத் தராவிட்டாலும் மேல் அடுக்குகளைத் தந்துவிடும். இழந்த அடிச்சுருதியை மூளை தானே இட்டு நிரப்பிக் கேட்கும். அமெரிக்காவின் அவசர எச்சரிக்கை ஒலி இன்னொரு உத்தியைக் கையாள்கிறது. 853, 960 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுகிறது. நெருக்கமான இரண்டும் காதுக்குள் மோதி, விநாடிக்கு 107 முறை ஏறி இறங்கும் ஒரு சொரசொரப்பை உண்டாக்குகின்றன. கேட்கவே பிடிக்காத ஒலி. பாட்டு என்றோ அழைப்பு மணி என்றோ யாரும் தவறாக நினைக்க முடியாத ஒலி. எச்சரிக்கைக்கு இனிமையான மெட்டைத் தேர்ந்தெடுக்கும் செயலி வடிவமைப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. தலைமாட்டில் கால் மீட்டரில் இருந்த கைபேசியைச் சார்ஜ் போட நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் அந்த இடைவெளி நான்கு முறை இரட்டிக்கிறது, 24 டெசிபல் போய்விடுகிறது. அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் இழப்பு சற்றுக் குறையும், அவ்வளவே. ஸ்பீக்கர் துளையில் படிந்த களத்துப் புழுதியும், நனைந்த சட்டைப் பையில் ஏறிய ஈரமும் மிச்சத்தை விழுங்கும். மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடிய பழுது கடைசியில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தீர்ந்துபோவது நடக்கக்கூடியதே.

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் பல கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். செல் பிராட்காஸ்ட் என்னும் முறையின் சோதனை அது. இந்த முறையில் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் வானொலிபோல ஒரே செய்தியை வீசுகிறது. எண் தேவையில்லை, இணையம் தேவையில்லை, செயலி நிறுவத் தேவையில்லை. ஒலி கைபேசியின் அடிப்படை மென்பொருளிலேயே இருப்பதால் மேலே சொன்ன சேனல் சிக்கல் எதுவும் அதை அண்டாது. சைலன்ட்டையும் மீறும். உயிர் காக்கும் எச்சரிக்கைக்கு இதுவே சரியான தடம் என்று நினைக்கிறேன். செயலியின் இடம் இதற்குப் பக்கத்தில், விவரம் சொல்லும் இடத்தில். ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், கைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும். புயலன்று முதலில் போவது இந்த இரண்டும்தான்.

எச்சரிக்கை காதில் விழுந்ததற்கு, ஃபெஞ்சல் கரை கடந்த இதே வட்டாரத்தில் ஒரு முன்னுதாரணம் 2004-இல் இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவக் கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் ஊர் அறிவு மையத்தை அமைத்திருந்தது. கடல் நிலவரத்தை அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி உண்டு. டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அலை வருமுன் வெளியேறினார்கள். ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி. அதைவிட முக்கியமாக, அந்த ஒலிபெருக்கி அன்றாடம் அலை உயரம் சொல்லிக்கொண்டிருந்ததால், அது வேலை செய்கிறதா என்ற சந்தேகமே அன்று காலை யாருக்கும் எழவில்லை. இன்றைய செயலிகளுக்கு இல்லாத வசதி இந்த அன்றாடச் சோதனை.

செய்தி கைபேசியை அடைந்ததா என்பதைச் சேவையகம் அறியும். ஒலித்ததா என்பதை அறியாது. சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் எத்தனை லட்சம் பேருக்கு அனுப்பினோம் என்ற கணக்கு இருக்கலாம். அவர்களில் எத்தனை பேரின் கைபேசி ஊமையாக இருந்தது என்ற கணக்கு இருக்க வழியில்லை. ஆனால் ஊமையாக இருக்கும் வாய்ப்பை முன்பே அறிய முடியும். அறிவிப்பு அனுமதி இருக்கிறதா, சேனல் அடைக்கப்பட்டிருக்கிறதா, அறிவிப்பின் ஒலியளவு பூஜ்யமா, தொந்தரவு செய்யாதே நிலையில் இருக்கிறதா, மின்கலக் காவலிலிருந்து விலக்கு உண்டா என்பதையெல்லாம் ஆண்ட்ராய்டில் செயலியே படித்துப் பார்க்கலாம். படித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் ஒரு நாள், 'உங்கள் கைபேசியில் எச்சரிக்கை ஒலி வராது, இங்கே அழுத்திச் சரிசெய்யுங்கள்' என்று பயனரிடம் தமிழில் சொல்லலாம். பிறகு ஒரு சோதனைச் சைரனை அனுப்ப வேண்டும். செயலியை மூடி, திரையை அணைத்து, ஒரு மணி நேரம் தொடாமல் வைத்திருந்த கைபேசிக்கு, வழக்கமாக இரவில் அதை வைக்கும் இடத்திலேயே அனுப்ப வேண்டும். அதன்பின் திரையில் ஒரே கேள்வி, இரண்டு பொத்தான்: கேட்டதா, கேட்கவில்லையா?